கதையா, கட்டுரையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புத்தகம் பற்றிப் பேச நாலு பேர் உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்திலேயே ஒருவர் “நான் கதையெல்லாம் படிக்கிறதில்லைங்க” என்பார், இன்னொருவர் “கட்டுரை என்றாலே எனக்குக் கொட்டாவிதான்” என்பார், அதோடு பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். எங்கள் வாசிப்பு வட்டத்தில் இப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். புனைவு, அபுனைவு என்று விமர்சகர்கள் எழுதுவதை நான் கதை, கட்டுரை என்றே எழுதுகிறேன். நாவலும் சிறுகதையும் கதைக்கணக்கு; வரலாறு, தன்வரலாறு, அறிவியல், பயணம் எல்லாம் கட்டுரைக்கணக்கு. நடுநிலையாக எழுதவேண்டும் என்று நினைக்கவில்லை, எனக்குக் கருத்து உண்டு.

நாவல் படிப்பது நேர விரயம்தானே? அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்குத் தமிழ் நாவலின் வயது. 1879இல் வெளியான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’தான் தமிழின் முதல் நாவல். எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீபாக இருந்தவர். புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே இடையில் நிறுத்தி நீதி சொல்வார். வெறும் கதை என்றால் மதிப்பார்களா என்ற சந்தேகம் அப்போதே இருந்திருக்கிறது போல. அந்தச் சந்தேகம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

தகவல்தான் வேண்டும் என்றால் நாவலை எடுக்காதீர்கள், சத்தியமாகச் சொல்கிறேன், அது சுற்றுவழி. 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் ஹைதராபாத்துக்குள் நுழைந்து சில நாட்களில் நிஜாம் அரசு பணிந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வரலாற்று நூலில் ஒரு பக்கம் போதும். ஆனால் அந்த மாதங்களில் செகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டு, சைக்கிளில் காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தமிழ்ப் பையனுக்கு, நேற்றுவரை பக்கத்து வீட்டுக்காரராக இருந்தவர் இன்று ‘அவர்கள்’ ஆகிப்போனது எப்படி இருந்திருக்கும்? செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த அசோகமித்திரன் எழுதிய ‘18வது அட்சக்கோடு’ அதைத்தான் சொல்கிறது. கலவரத்துக்கு நடுவே அவன் ஒரு வீட்டுக்குள் ஓடி நுழைகிற கடைசிக் காட்சியைப் படித்துவிட்டு எழுந்திருக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ராணுவம் எப்போது வந்தது, எத்தனை நாள் ஆனது என்று சொல்லும் எந்த நூலும் அதைச் செய்யாது, செய்யவேண்டும் என்று அதனிடம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

கதை படித்தால் பிறர் மனம் புரியும் என்று ஆராய்ச்சியிலேயே நிரூபித்துவிட்டார்களாமே?

நிரூபிக்கவில்லை. 2013இல் டேவிட் கோமர் கிட், இமானுவேலே கஸ்தானோ என்ற இரண்டு உளவியலாளர்கள் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆட்களிடம் இலக்கியத் தரமான கதையிலிருந்து சில பக்கங்கள் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு, கண்களை மட்டும் காட்டும் புகைப்படங்களைக் காட்டி, இந்த ஆளின் மனநிலை என்ன என்று ஊகிக்கச் சொல்வார்கள். கட்டுரை படித்தவர்களையும் ஜனரஞ்சகக் கதை படித்தவர்களையும்விட இவர்கள் நன்றாக ஊகித்தார்கள் என்று வந்தது. உலகம் முழுக்கப் பத்திரிகைகள் கொண்டாடின, கதை எழுதுகிறவர்கள் கேட்கவே வேண்டாம்.

பிறகு மற்றவர்கள் அதே சோதனையைச் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. 2016இல் ஒரு குழுவுக்குக் கிடைக்கவில்லை. ‘நேச்சர்’, ‘சயின்ஸ்’ இதழ்களில் வந்த 21 சமூக அறிவியல் சோதனைகளை 2018இல் ஒரு பெரிய குழு மறுபடி செய்து பார்த்ததில் 13தான் தேறின. தேறாதவற்றில் இதுவும் ஒன்று. அதே ஆண்டு 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த இன்னொரு கட்டுரை, பலன் இருக்கிறது ஆனால் சின்னது என்றது. காலம் முழுக்கக் கதை படிப்பவர்கள் பிறர் மனதைக் கொஞ்சம் நன்றாக ஊகிக்கிறார்கள் என்று 2006லேயே ஓர் ஆய்வு வந்தது. அதில் கதை அவர்களை அப்படி ஆக்கியதா, அப்படிப்பட்டவர்கள்தான் கதையைத் தேடிப் போகிறார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நாவலாகப் படித்துத் தள்ளிவிட்டு வீட்டில் ஒரு டம்ளரைக்கூட நகர்த்தாத மகானுபாவர்களை எனக்குத் தெரியும். இரக்கம் கூடும் என்ற கணக்கில் யாரும் கதையை எடுக்கவேண்டாம்.

‘பொன்னியின் செல்வன்’ படித்தால் சோழர் வரலாறு தெரிந்துவிடுமா?

2022இல் படம் வந்தபிறகு அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கல்கி இதை 1950 முதல் 1954 வரை தன் பத்திரிகையில் தொடராக எழுதினார். ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருவதோடு தொடங்கும். அந்த ஏரிதான் இப்போது சென்னைக்குக் குடிதண்ணீர் தருகிற வீராணம். அதை ஒட்டி இருக்கிற ஊர் காட்டுமன்னார்கோயில். அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கதையின் மையமான, இராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலைக்கு நம்மிடம் உள்ள முக்கியமான சான்று அதுதான். முதலாம் இராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது.

அந்தக் கல்வெட்டு கொலைக்கதை சொல்ல வந்ததில்லை, அது நில விவகாரம். பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன் என்ற பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரன் என்ற இருமுடிசோழ பிரமாதிராசன் ஆகியோரைக் குறிப்பிட்டு, அவர்களுடையதும் உறவினர்களுடையதுமான சொத்தைப் பற்றி அரசன் இட்ட ஆணை அதில் வருகிறது. கொன்றவர்கள் என்று பெயர் இருக்கிறது. ஏன் கொன்றார்கள், பின்னால் யார் இருந்தார்கள் என்பது இல்லை. இவ்வளவுதான் கல்.

இதற்கு மேல் வரலாற்று ஆசிரியர்களே ஒத்துப்போகவில்லை. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரிக்கு, கொலைக்குப் பிறகு அரசனான உத்தம சோழன்மேல் சந்தேகம். சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்து எழுதினார். இரண்டு பேருமே எந்தச் செப்பேடு, எந்தக் கல்வெட்டு என்று காட்டிவிட்டு வாதிடுகிறார்கள், அதனால் நாமும் நடுவில் புகுந்து “அது எப்படி?” என்று கேட்கலாம். கல்கியிடம் அப்படிக் கேட்க முடியாது, அவர் நந்தினியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார். நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் எல்லாம் அவர் கற்பனை. வந்தியத்தேவன் பெயர் மட்டும் குந்தவையின் கணவர் என்ற அளவில் கல்வெட்டில் வருகிறது. அவருடைய குறும்பு, குதிரை, அகப்பட்டுத் தப்புகிற சாமர்த்தியம் எல்லாம் கல்கி கொடுத்தது.

கல்கி யாரையும் ஏமாற்றவில்லை, நாவல் என்று சொல்லித்தான் எழுதினார். நாம்தான் அதைச் சரித்திரப் பாடமாக மனதில் வைத்துக்கொண்டு, பழுவேட்டரையர் கெட்டவரா நல்லவரா என்று கல்யாண வீட்டில் சண்டை போடுகிறோம். என் ஆலோசனை இதுதான்: நாவலை முதலில் படியுங்கள், ரசித்துப் படியுங்கள், உடனே பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் வரலாறு’ எடுத்து அதில் சுந்தர சோழன், உத்தம சோழன் பகுதிகளை மட்டும் படியுங்கள். சின்னப் பகுதிகள்தான். கல்கி எந்த இடத்தில் ஆதாரத்தை விட்டு இறங்கிக் கற்பனைக்குள் போனார் என்று பார்க்கும்போது நாவல்மேல் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது.

நிஜமாக நடந்ததை வைத்துக் கதை எழுதும்போது மாற்றி எழுதலாமா?

மாற்றலாம். என்ன மாற்றினார் என்று கேட்க நமக்கும் உரிமை உண்டு.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். எல்லோரும் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்டதும், சங்கமாகச் சேர்ந்ததும்தான் பின்னணி. இதை அடிப்படையாக வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ 1975இல் வந்து, 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதில் பண்ணையாரின் வெறிக்கு அவருடைய ஆண்மைக் குறையை ஒரு காரணமாக வைத்தார். கூலிப் போராட்டமும் சாதியும் சேர்ந்த ஒரு படுகொலையைத் தனிமனிதனின் மனக்கோளாறாகச் சுருக்கிவிட்டார் என்று அன்றே இடதுசாரிகள் கடுமையாகத் தாக்கினார்கள், இன்றும் அந்த விவாதம் ஓயவில்லை.

எனக்கு அந்தக் குற்றச்சாட்டில் பெரும்பகுதி சரி என்றே படுகிறது. நாவலாசிரியருக்குக் கற்பனைச் சுதந்திரம் உண்டு, ஆனால் 44 பேரின் சாவுக்குக் காரணம் எது என்பதையே மாற்றும்போது அந்தச் சுதந்திரத்துக்கு விலை கொடுக்கத்தான் வேண்டும். அதே சமயம் கீழ்வெண்மணி என்ற பெயரையே இந்த நாவல் வழியாகக் கேள்விப்பட்ட வாசகர்கள் ஏராளம், அதையும் மறைக்கக் கூடாது. நாவலைப் படித்தவர்கள் மைதிலி சிவராமன் எழுதியவற்றையும் தேடிப் படியுங்கள். சம்பவத்துக்குப் பிறகு விரைவிலேயே அந்த ஊருக்கு நேரில் போய் எழுதியவர் அவர். நில உறவு, கூலி, போலீஸ் என்று எல்லாம் அதில் இருக்கும்.

தன்வரலாறு எந்தப் பக்கம் சேரும்?

புத்தகக் கடைக்காரருக்கே குழப்பம் வரும் இடம். பாமாவின் ‘கருக்கு’ (1992) ஒரு கடையில் நாவல் அடுக்கில் இருக்கும், இன்னொரு கடையில் தன்வரலாற்று அடுக்கில் இருக்கும். வாழ்ந்ததைத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் வருட வரிசையில் போகாமல், தனக்கு வேண்டிய இடத்தில் முன்னும் பின்னும் போய், ஊர்ப் பேச்சிலேயே எழுதியிருக்கிறார். எந்த அடுக்கில் இருந்தால் என்ன, வாங்குங்கள்.

இதற்கு நேர் எதிரான குறும்பும் உண்டு. சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981) ஒரு மலையாள எழுத்தாளரின் வாழ்க்கைக் குறிப்பும் நாட்குறிப்புமாக இருக்கும். பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்த மறுநாள், 1960 ஜனவரி 5 அன்று ஜே.ஜே. இறந்தார் என்று தேதியோடு தொடங்கும். காம்யு நிஜம், அந்த விபத்து நிஜம், ஜே.ஜே. மட்டும் நிஜமில்லை. யார் இந்த ஆள் என்று மலையாள நண்பர்களிடம் விசாரித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

கட்டுரைப் புத்தகம் எடுத்தால் மூன்றாம் பக்கத்தில் தூங்கிவிடுகிறேன். என்ன செய்ய?

முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். நம் ஊர்க் கட்டுரை நூல்களில் பதிப்புரை, அணிந்துரை, வாழ்த்துரை, முன்னுரை, என்னுரை, நன்றியுரை என்று ஆறு உரை தாண்டித்தான் விஷயத்துக்கு வரவேண்டும், எந்த மனிதனும் தூங்கிவிடுவான். பொருளடக்கத்தில் உங்களுக்கு ஆர்வமுள்ள ஓர் அத்தியாயத்தைப் பிடித்து அங்கே நுழையுங்கள். பிடித்தால் பின்னால் வந்து முன்னுரை படித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஓர் ஆளைப் பின்தொடர்கிற நூலாக எடுங்கள். உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நாவல் வாசகர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் கட்டுரைப் புத்தகம். அதுவும் தொடராகத்தான் வந்தது, 1940இல் தொடங்கி ஆனந்த விகடனில். 1942இல் அவர் இறந்ததால் பாதியிலேயே நின்றுவிட்டது. அதில் 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப்போகும் இடம் வரும். முதலியார் ஊருக்குப் புதிதாக வந்த முன்சீப். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். இவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், இருபத்தைந்து வயது, காலேஜில் தமிழ்ப் பண்டிதர் வேலை. உற்சாகமாக அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று வரிசையாக அடுக்குகிறார். எதிரில் இருப்பவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. பெரிய நூல்கள் பெயரைச் சொல்லிப் பார்க்கிறார், அப்போதும் ஒன்றுமில்லை. கடைசியில் முதலியார் சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இவர் படித்ததில்லை. ஏடு கிடைக்கவில்லை என்று சமாளிக்க, முதலியார் தானே பிரதி தருகிறார். 1887இல் சிந்தாமணி உ.வே.சா. பதிப்பாக அச்சில் வந்தது, பின்னால் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை எல்லாம் வந்தன. இந்த அத்தியாயத்தைப் படிக்கிறவர்களுக்குத் தூக்கம் வராது, நான் உத்தரவாதம்.

சுயமுன்னேற்ற நூல்கள் கட்டுரைக்கணக்குதானே? அதைப் படித்தால் போதாதா?

அடுக்கு அதுதான். நான் அவற்றைக் கதையாகவே படிக்கிறேன். ஜெயித்த ஒருவர் காலையில் நாலு மணிக்கு எழுந்தார் என்று இருக்கும். நாலு மணிக்கு எழுந்தும் தோற்றுப்போனவர்களைப் பற்றி யார் புத்தகம் போடுகிறார்கள்? படித்து இரண்டு நாள் தெம்பாக இருந்தால் நல்லதுதான், ஆனால் இதை மட்டும் படித்துவிட்டு “நான் உண்மையான விஷயங்களை மட்டும்தான் படிப்பேன்” என்று நாவல் வாசகர்களை ஏளனமாகப் பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

ஒரு வரலாற்று நூல் நம்பகமானதா என்று கடையில் நின்றபடியே எப்படிப் பார்ப்பது?

கடைசிப் பக்கங்களைத் திருப்புங்கள். அடிக்குறிப்பு, துணைநூல் பட்டியல், சொல்லடைவு இருக்கிறதா? தமிழில் சொல்லடைவு போடுகிற பதிப்பகங்கள் குறைவு, அது இல்லை என்பதற்காக ஒதுக்கவேண்டாம். ஆனால் “கல்வெட்டுகள் கூறுகின்றன” என்று மட்டும் இருந்து எந்த ஊர், எந்தக் கோயில், எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு என்று எங்கேயும் இல்லாவிட்டால் அந்த நூலைத் திரும்ப அடுக்கில் வைத்துவிடலாம். மொழிபெயர்ப்பு என்றால் மூலநூலின் பெயரும் ஆண்டும் உள்பக்கத்தில் இருக்கவேண்டும். நடுவில் ஒரு பக்கம் படித்துப் பாருங்கள், இரண்டு முறை படித்தும் புரியாவிட்டால் குறை உங்களிடம் இல்லை.

ஆண்கள் கட்டுரை, பெண்கள் கதை என்கிறார்களே?

அமெரிக்கத் தேசியக் கலை நிதியத்தின் கணக்கெடுப்புகளில் கதை படிப்பதாகச் சொல்லும் பெண்கள் ஆண்களைவிட அதிகம்தான். இங்கே எனக்குத் தெரிந்தது, வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, ஊசிநூலால் தைத்தோ பைண்டு போட்டோ வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். மணியம் ஓவியத்தோடு ஒரு பக்கம், திருப்பினால் தைல விளம்பரம், நடுவே எப்போதும் ஓர் அத்தியாயம் காணாமல் போயிருக்கும். அதையே வீட்டு ஆண்களும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துப் படித்துவிட்டு, வெளியில் கேட்டால் தினசரி மட்டும்தான் படிப்பேன் என்பார்கள்.

என் பிள்ளை டைனோசர், கோள்கள் என்று மட்டும்தான் படிக்கிறான். கதை பக்கமே வருவதில்லை.

விட்டுவிடுங்கள். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக விதிகள் ஐந்தில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது இன்னொன்று. பெற்றோருக்குப் பிடித்த நூல் என்று ஒரு விதியும் அதில் இல்லை. கதை பிடிக்கவேண்டும் என்றால் இரவில் நீங்கள் சத்தமாகப் படியுங்கள், சுவாரசியமான இடத்தில் நிறுத்திவிட்டு விளக்கை அணையுங்கள். மறுநாள் அவனே புத்தகத்தை எடுத்தால் சரி, எடுக்காவிட்டாலும் அவன் படித்துக்கொண்டுதானே இருக்கிறான்.

இரண்டையும் ஒரே சமயத்தில் படிக்கலாமா?

படிக்கலாம். பகலில் பென்சிலோடு கட்டுரை, படுக்கும்முன் கதை. இரண்டு நாவலை ஒரே சமயத்தில் படித்தால்தான் ஆட்கள் இடம் மாறி உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விட்டால் தப்பா?

இல்லை. யார் கேட்கப்போகிறார்கள்?

விருதெல்லாம் கதைக்குத்தானே கொடுக்கிறார்கள்?

பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் தமிழுக்கான முதல் சாகித்திய அகாதெமி விருதே, 1955இல், ரா.பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழ் இன்பம்’ என்ற கட்டுரைத் தொகுப்புக்குத்தான் போனது. அடுத்த ஆண்டு கல்கியின் ‘அலை ஓசை’. பிறகு நாவல்களும் சிறுகதைகளும் அதிகம் வாங்கின. 2024இல் ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ பெற்றது, அது முழுக்க ஆவணங்களை வைத்து எழுதிய வரலாற்று நூல்.

இந்தப் புத்தகங்கள் எல்லாம் வாங்கக் கட்டுப்படியாகுமா?

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை, அதனால் பல பதிப்பகங்கள் போடுகின்றன, விலை மலைக்கும் மடுவுக்கும். மிக மலிவாகக் கிடைத்தால் சுருக்கப் பதிப்பா, ஐந்து பாகமும் முழுசாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், எழுத்து கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மதுரைத் திட்டம் என்று 1998 முதல் தன்னார்வலர்கள் நடத்திவரும் மின்னூலகத்தில் ‘பொன்னியின் செல்வன்’ இலவசமாகவே இருக்கிறது, பழைய கட்டுரை நூல்களும் நிறைய உண்டு. அசோகமித்திரன், இந்திரா பார்த்தசாரதி, சுந்தர ராமசாமி நாவல்களுக்குப் பதிப்புரிமை இருப்பதால் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும், அல்லது நூலகம். சென்னைக்காரர்கள் ஜனவரிப் புத்தகக் கண்காட்சி வரை பொறுத்தால் பத்து சதவீதம் தள்ளுபடி. போகும்போது பை எடுத்துக்கொண்டு போங்கள், கைப்பிடி அறுந்துபோகிற பைதான் அங்கே தருவார்கள்.